மேல்துரு

அந்த டீச்சர் எதையும் மறைக்கவில்லை என்பதுதான் ராயப்பனை முதலில் உறுத்தியது. வியாழக்கிழமை சாயங்காலம் கைலாசபுரத்தில் அவள் வீட்டு வராந்தாவில் விற்கிற சைக்கிளைச் சுவரோடு சாய்த்துவிட்டு, அவன் கேட்பதற்கு முன்பே அவளாகவே ஆரம்பித்தாள். "இப்பவே சொல்லிடறேன் சார். பின் கியர் நாலாவதுல துள்ளும். பின்சக்கரம் லேசா ஆடுது. பிரேக் கட்டை தேஞ்சிருச்சு. மேடு ஏறும்போது அப்பப்ப டொக்குனு ஒரு சத்தம் வரும், சீட் கம்பியக் கழட்டித் தொடச்சு கிரீஸ் வச்சா நின்னுடும்." நாலு பழுது. நாலையும் விரல்விட்டு எண்ணிச் சொன்னாள். மங்கையர்க்கரசி என்று பெயர், ஐம்பத்துநாலு வயது, பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். நாலு பழுதைத் தானாகச் சொல்கிற ஆள் ஐந்தாவதைச் சொல்லாமல் இருக்கத்தான் நாலைச் சொல்கிறாள் என்று அவனுக்கு அங்கேயே தோன்றிவிட்டது. இருபத்திரண்டு வருஷமாக அவன் இன்சூரன்ஸ் சர்வேயர். நசுங்கிய வண்டியைப் பார்த்து அது எப்போது நசுங்கியது, எதனால் நசுங்கியது, சொந்தக்காரன் சொல்கிற கதையும் தகரம் சொல்கிற கதையும் ஒத்துப்போகின்றனவா என்று எழுதிக் கொடுப்பதுதான் பிழைப்பு. கம்பெனிக்காரர்களுக்கு அவன் கண்மீது அவ்வளவு நம்பிக்கை. அந்தக் கண்ணை அந்த வராந்தாவில் முழுதாகத் திறந்துவைத்திருந்தும் ஐந்தாவது பழுது அகப்படவில்லை. அகப்படாததாலேயே அது பெரிய பழுதாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் சைக்கிளை வாங்கினான். ஏன் வாங்கினாய் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. முழங்கால் தேய்மானத்துக்கு நடப்பதைவிட சைக்கிள் மிதிப்பது நல்லது என்று டாக்டர் சொன்னது ஒரு காரணம். ஆட்டுக்கடாக் கொம்பு மாதிரி வளைந்த அந்த ஹேண்டில்பாரைப் பிடித்ததும் கையை எடுக்க மனம் வரவில்லை என்பது இன்னொரு காரணம். அதை அவன் யாரிடமும் சொல்லமாட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைப் பூசைக்கு மனைவி ரெஜினா கிளம்பி வந்தபோது அவன் உறையூர் அபார்ட்மெண்டின் கார் நிறுத்துமிடத்தில் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துவைத்து, எதிரில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். "பூசைக்கு வரலையா?" என்றாள். கையைக் காட்டினான், கரி. அவள் சைக்கிளைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு, "வாங்கி மூணு நாளாச்சு. இன்னும் ஓட்டலை. விசாரணை முடியலையா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். விளையாட்டாகச் சொன்னாளா? ரெஜினா விளையாட்டாகச் சொல்வதில் பாதி விளையாட்டு இல்லை. அவள் செருப்புச் சத்தம் கேட் வரை போய், அங்கே ஒரு கணம் நின்று, பிறகு போனது. ஏன் நின்றாள்? முந்தானையைச் சரிசெய்திருப்பாள். அல்லது திரும்பிப் பார்த்திருப்பாள். கல்யாணமான புதிதில் அவள் தாமதமாக வந்தால் பஸ் டிக்கெட்டில் என்ன ஸ்டேஜ் கிழித்திருக்கிறது என்று பார்ப்பான். அதை அவள் ஒருநாள் பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து டிக்கெட்டுகளை அவளே எடுத்து மேஜைமேல் வைப்பாள், வரிசையாக, இத்தனை வருஷம் கழித்து இன்றைக்கும். அதை எதற்கு இப்போது நினைக்கவேண்டும். சக்கரத்தைச் சுழற்றினான். சுற்றுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் பிரேக் கட்டையை உரசியது, ஸ்ஸ், ஸ்ஸ், யாரோ எதையோ சொல்லவந்து நிறுத்துகிற மாதிரி. அந்த இடத்து ஸ்போக்கைக் கால் திருகு இறுக்கினான், எதிர்ப்பக்கத்தைக் கால் திருகு தளர்த்தினான். சுழற்றினான். உரசல் குறைந்தது. அவள் சொன்னது சரிதான், லேசான ஆட்டம்தான். சரியாக இருந்தது அவனுக்குப் பிடிக்கவில்லை.

பின் கியரைத் தாங்குகிற சின்ன அலுமினியக் காது உள்பக்கமாக வளைந்திருந்தது. செயின் துள்ளுவது அதனால்தான். இது எப்படி வளைந்தது என்று வியாழக்கிழமையே கேட்டிருந்தான். "நிறுத்தி வச்சிருந்தப்ப காத்துல விழுந்துடுச்சு சார்" என்றாள். நிறுத்திவைத்திருந்த வண்டி. அந்த வாக்கியத்தை அவன் எத்தனை ஆயிரம் முறை கேட்டிருப்பான். நிறுத்திவைத்திருந்த கார், நிறுத்திவைத்திருந்த லாரி, குடித்துவிட்டு ஓட்டி மரத்தில் விட்டவன்கூட மரம் வந்து மோதியதாகத்தான் ஆரம்பிப்பான். காற்றில் விழுந்தால் ஹேண்டில்பார் நுனியில் தேய்ந்திருக்கவேண்டும், பெடல் ஓரத்தில் கீறியிருக்கவேண்டும். பார்த்தான். ஹேண்டில்பார் நுனி தேய்ந்திருந்தது. பெடல் ஓரத்தில் கீறியிருந்தது. சரி, ஆனால் எதற்கு விற்கிறாள்? "வீட்ல இடமில்ல" என்றாள். அந்த வராந்தாவில் பத்து சைக்கிள் நிற்கும். அவள்தான் ஓட்டினாளா என்பதே சந்தேகம். நரைத்த தலை, கழுத்தில் விசில், ஐம்பத்துநாலு வயதுப் பெண் இந்த மாதிரி சைக்கிளில் குனிந்து படுத்துக்கொண்டு கல்லணை வரை போய்வருவாளா? மகன் ஓட்டி எவன்மீதாவது விட்டிருப்பான். விழுந்தவன் ஆஸ்பத்திரியில் கிடப்பான். போலீஸ் ஒருநாள் இந்த நிறத்தில் ஒரு சைக்கிளைத் தேடிக்கொண்டு உறையூருக்கு வரும். சீட் கம்பியில், உயரம் மாற்றாமல் வருஷக்கணக்காக இறுக்கிய இடத்தில் ஒரு வெள்ளை வளையம் விழுந்திருந்தது. அந்த உயரத்துக்கு உட்காருகிறவர் ஐந்தடி மூன்று அங்குலத்துக்கு மேல் இருக்கமுடியாது. டீச்சரின் உயரம்தான். அதைப் பார்த்தும் பார்க்காதவன் மாதிரி ஆலன் கீயை அந்தக் காதின் துளையில் மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, உடைந்துவிடுமோ என்று பயந்து, மெதுவாக வெளிப்பக்கம் நெம்பினான். நேரானது.

செயினை வெள்ளிக்கிழமையே கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்து, சோப்புத் தண்ணீரில் அலசி, வெள்ளி மாதிரி மின்ன மின்னத் தூணிலிருந்த ஆணியில் மாட்டியிருந்தான். எண்ணெய் போட நேரமில்லை. அன்றைக்கு மழை. சனிக்கிழமை மணப்பாறையில் கவிழ்ந்த டிராக்டரைப் பார்க்கப் போய்விட்டான், அன்றைக்கும் மழை, சாரல் இந்தத் தூண் வரை அடித்திருக்கும். இப்போது கையை நீட்டி எடுத்தான். செயின் ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. ஒவ்வொரு கண்ணியிலும், வருஷக்கணக்காகக் குப்பையில் கிடந்த மாதிரி. முதலில் யாரோ செயினை மாற்றிவிட்டார்கள் என்றுதான் நினைத்தான். வாட்ச்மேனா? மூன்றாம் மாடிக்காரரா? நல்லதை எடுத்துக்கொண்டு பழையதை மாட்டிவிட்டார்கள். கழற்றும்போது இணைப்புக் கண்ணியில் தான் போட்ட கீறலைத் தேடினான். இருந்தது. அதே செயின். விரலால் தேய்த்தான். துரு மாவாக உதிர்ந்து விரலில் ஒட்டிக்கொண்டது, அடியில் இரும்பு பளபளவென்று புதிதாக இருந்தது. இரண்டு நாள். இரண்டே நாளில். அந்த நிறம் அவனுக்குத் தெரியும். எங்கே பார்த்தான் என்று யோசிப்பதற்கு முன்பே அந்த இடம் கண்முன் வந்துவிட்டது. அரியமங்கலத்தில், கூரையில்லாத ஒர்க்‌ஷாப் முற்றத்தில், போன ஐப்பசி மழையில், பக்கவாட்டு முழுக்க உரசிப் பெயிண்ட் போன ஒரு குட்டி யானை சரக்கு வண்டி. அதன் சொந்தக்காரன் பஷீர். விபத்து நடந்து நாலாவது நாள் ராயப்பன் போய்ப் பார்த்தான். பெயிண்ட் போன இடமெல்லாம் ஆரஞ்சு. பஷீர் ஓடிப்போய் டீ வாங்கிவந்தான், பிஸ்கெட் வாங்கிவந்தான், சிரித்தான். டீ வாங்கிக் கொடுக்கிறவன் எதையோ மறைக்கிறான் என்பது ராயப்பன் கணக்கு. உரசலில் துரு படிந்துள்ளதால் இது பழைய சேதம், கூறப்படும் விபத்தில் ஏற்பட்டதல்ல என்று எழுதினான். ஒரே வரி. கம்பெனி கையை விரித்துவிட்டது. பஷீர் வண்டியை விற்றுவிட்டான். மழையில் கிடந்த இரும்பு துருப்பிடிக்காதா? பிடிக்கும், சர்வேயர் படிப்பில் முதல் வருஷமே சொல்லித்தருவார்கள். ஆனால் அது அடர்த்தியான துரு. அடர்த்தியாக இருந்ததா? தொட்டுப் பார்த்தானா? டீ கிளாஸ் கையில் இருந்தது. தொட்டிருப்பான். எப்போதும் தொட்டுப் பார்ப்பான். அன்றைக்குத் தொட்டானா?

செயினுக்கு எண்ணெய் விட்டான். துணியால் துடைத்தான், மறுபடி விட்டான், மறுபடி துடைத்தான். மாட்டினான். சைக்கிளை நிமிர்த்தி ஏறி உட்கார்ந்து தூண்களுக்கு நடுவே சுற்றிவந்தான். கியர் துள்ளவில்லை. பிரேக் கட்டையைப் புதிது மாட்டியிருந்ததால் பிடித்தது. எல்லாம் சரியாக இருந்தது, மூன்றாவது சுற்றில் கேட்டுக்கருகே சரிவில் எழும்பி மிதித்து, திரும்ப உட்காரும்வரை. டொக். அப்பாடா என்று இருந்தது அவனுக்கு. இதோ, இதைத்தான் தேடினேன். டொக். பெடலில் இல்லை. சீட் கம்பி என்று அவள் முந்திக்கொண்டு சொன்னபோதே சுதாரித்திருக்கவேண்டும், திருடன் போன திசைக்கு எதிர்த்திசையைக் காட்டுகிற வேலை அது. சத்தம் சைக்கிள் சட்டத்திலிருந்து வருகிறது. சட்டத்தில் கீறல் விட்டிருக்கிறது. இறங்கி, செல்போன் வெளிச்சத்தை அடித்துக்கொண்டு குழாய் குழாயாகப் பார்த்தான். பெடல் அச்சுக்கு மேலே, கீழ்க்குழாயின் அடிவயிற்றில், யாரும் குனிந்து பார்க்காத இடத்தில், ஒரு புளியங்கொட்டை அளவுக்குச் சிவப்பு மற்ற சிவப்பைவிடக் கொஞ்சம் பளபளப்பாக இருந்தது. பெயிண்ட் பூசி மறைத்திருக்கிறாள். ஐந்தாவது பழுது. சட்டென்று எழுந்து நின்றான். கோபத்தால் என்று நினைத்தான். ஆனால் அது சந்தோஷம், பசித்தவன் முன் இலை போட்ட மாதிரி ஒரு சந்தோஷம். அந்த ஆரஞ்சு நிறம் மனதிலிருந்து சுத்தமாகப் போய்விட்டிருந்தது. மணி எட்டரை என்றும் பார்க்காமல் போன் போட்டான்.

நாலைந்து ரிங்குக்குப் பிறகு எடுத்தாள். மூச்சு வாங்கியது, பின்னால் காற்று இரைந்தது.

"டீச்சர், ராயப்பன் பேசறேன். சைக்கிள் வாங்கின ராயப்பன்."

"சொல்லுங்க சார். ஓட்டிட்டீங்களா?"

"கீழ்க்குழாய்க்கு அடியில பெயிண்ட் பூசியிருக்கே. அது என்ன?"

"அதுவா. அது பெயிண்ட் இல்ல சார், நெயில் பாலிஷ். கல்லணை ரோட்டுல ஒரு கல்லு தெறிச்சுப் பட்டுச்சு. எம் பொண்ணோட நெயில் பாலிஷ் அதே கலர்ல இருந்துச்சு, தடவி விட்டேன்."

"அடியில கீறல் இல்லையே?"

"சுரண்டிப் பாருங்க சார். நகத்தால சுரண்டுனாலே வந்துரும்."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்தால் வசதியாக இருந்திருக்கும். "சத்தம் வருது" என்றான். சொன்ன விதம் குற்றச்சாட்டு மாதிரி இல்லாமல் புகார் மாதிரி ஆகிவிட்டது.

"சீட் கம்பியக் கழட்டினீங்களா?"

இன்னும் தொடாத அந்தக் கம்பியைத் திரும்பிப் பார்த்தான்.

"நான்தான் அன்னைக்கே சொன்னேனே சார். நானும் மூணு மாசம் பெடலு, செயினுனு மாத்தி மாத்திப் பாத்தேன். கடைசில சீட் கம்பி. கழட்டித் தொடச்சு கிரீஸ் வைங்க."

போனை வைத்திருக்கலாம். "ஏன் வித்தீங்க?" என்று வாய் கேட்டுவிட்டது. "இடமில்லைனு சொன்னீங்க. வராந்தா அவ்வளவு பெருசா இருந்துச்சு."

அந்தப் பக்கம் சிரித்தாள். "புதுசு ஒண்ணு வாங்கிட்டேன் சார், இதைவிட லேசு. இப்ப அதுலதான் வந்திருக்கேன், கல்லணையில நிக்கறோம். ரெண்டையும் வச்சிருந்தா எங்க வீட்டுக்காரர் கத்துவார். அவருக்குத்தான் இடமில்ல." யாரோ கூப்பிட்டார்கள். "வரட்டுமா சார், எல்லாரும் கிளம்பிட்டாங்க."

நகத்தால் சுரண்டினான். சிவப்பு ஏடாகப் பெயர்ந்து வந்தது. அடியில் உளுந்தளவு பெயிண்ட் போயிருந்தது. அலுமினியம் முழுசாக, ஒரு மயிரிழைக் கோடுகூட இல்லாமல், அவனைப் பார்த்தது. சீட் கம்பியைத் தளர்த்தி உருவினான். கல்லணை ரோட்டு மண், நைஸாக, கம்பியைச் சுற்றிப் படிந்திருந்தது. துடைத்தான். கிரீஸ் தடவினான். அந்த வெள்ளை வளையம் இரண்டு அங்குலம் மேலே தெரிய, தன் உயரத்துக்கு இறுக்கினான். ஏறி, சரிவில் எழும்பி மிதித்து உட்கார்ந்தான். சத்தம் இல்லை. மறுபடி சுற்றிவந்து வேண்டுமென்றே அழுத்தி மிதித்தான். வராதா என்று காத்திருந்தான். வரவில்லை. சைக்கிளில் சந்தேகப்பட இனி ஒன்றும் மிச்சமில்லை. அந்த அமைதியில்தான் அந்த ஆரஞ்சு நிறம் மறுபடி வந்தது, இந்த முறை கேள்வியாக வரவில்லை. தொடவில்லை. வலது கையில் டீ கிளாஸ், இடது கையில் பஷீர் திணித்த பிஸ்கெட், எதைவைத்துத் தொட்டிருக்கமுடியும்? போட்டோவை மட்டும் எடுத்தான், அதுவும் டீயைக் குடித்துவிட்டு. நகத்தால் ஒரு சுரண்டு. ஒரே ஒரு சுரண்டு. தெரியாமல் எழுதிய தப்பா அது? அந்த மாதம் கம்பெனி மேனேஜர், இந்தப் பக்கத்திலிருந்து நிறைய கிளெய்ம் வருதே சார், கொஞ்சம் பார்த்து எழுதுங்க என்று சொல்லியிருந்தார். கொஞ்சம் பார்த்து. அவனுக்கு வருகிற வேலையில் பாதி அந்தக் கம்பெனியுடையது. பார்க்காமல் எழுதினான். பஷீர் காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டி வண்டி ஓட்டுவதைச் சித்திரை வாக்கில் ஒருமுறை பார்த்ததிலிருந்து அந்த வழியைத் தவிர்த்துச் சுற்றிப் போகிறான். டிராஃபிக் என்று ரெஜினாவிடம் சொல்லியிருந்தான். இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் முறையிட, கம்பெனி மறுத்ததிலிருந்து ஒரு வருஷம் அவகாசம். பஷீருக்குத் தெரியுமா அது? தெரிந்தாலும் எதைவைத்து முறையிடுவான்? சர்வேயர் எழுதியதற்கு எதிராக யார் எழுதித் தருவார்கள்? மூன்று வாரம் பாக்கி. மூன்று வாரம் போனால் தானாகவே முடிந்துவிடும். முடிந்துவிடும் என்று தானும் நாள் எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறான் என்பது இப்போது, சைக்கிள்மேல் ஒரு காலை ஊன்றி நிற்கும்போது, பளிச்சென்று தெரிந்தது. எண்ணாதவனுக்கு மூன்று வாரம் என்று எப்படித் தெரியும்?

ரெஜினா கேட்டைத் திறந்து உள்ளே வந்தாள். "ஓடுதா?" என்றாள்.

"ஓடுது."

"என்ன கண்டுபிடிச்சீங்க?"

"ஒண்ணுமில்ல" என்றான். பிறகு, "மார்க்கெட் வரைக்கும் போய்ட்டு வர்றேன்."

"வெங்காயம் இருக்கு வீட்ல" என்றாள். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, எதற்கு என்று கேட்காமல் கேட்டை அகலத் திறந்துவிட்டாள்.

உறையூர் சாலை ரோட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் இல்லை. குனிந்து மிதிக்கத் தெரியாமல் நிமிர்ந்தே மிதித்தான். சைக்கிள் அவனைவிட அவசரமாக இருந்தது. இப்போதே திரும்பிவிடலாம். பஷீர் இன்று லீவாக இருக்கலாம். வந்திருந்தால்? கத்துவானா, அடிப்பானா? தப்பு என்று சொன்ன மறுநாளே கம்பெனிக்குத் தெரியும், லைசென்ஸுக்கே கேள்வி வரும், எழுதிய மற்ற ரிப்போர்ட்டெல்லாம் தோண்டுவார்கள். தோண்டினால்? பஷீர் ஒருவன்தானா? அந்த நினைப்பு வந்ததும் பிரேக்கைப் பிடித்தான். மரக்கடைப் பக்கம் ஓரமாக ஒரு காலை ஊன்றி நின்றான். புதுக் கட்டை நன்றாகப் பிடிக்கிறது என்று ஒரு மூலையில் தோன்றியது. பின்னால் வந்த ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான். மிதித்தான்.

வெங்காய மண்டி முன்னால் வண்டியின் பின்பலகையில் நின்று பஷீர் மூட்டை தள்ளிக்கொண்டிருந்தான். இளைத்திருந்தான். ராயப்பனைப் பார்த்ததும் யார் என்று யோசிக்கவே இல்லை.

"சார்" என்றான். இந்த முறை சிரிப்பு இல்லை.

"பஷீர், உங்க வண்டிக்கு நான் எழுதின ரிப்போர்ட் தப்பு. அது பழைய சேதம் இல்ல. மழையில வந்த மேல்துரு. நான் சுரண்டிப் பாக்கல."

பஷீர் கீழே இறங்கினான். சைக்கிளைப் பார்த்தான், கிரீஸ் அப்பிய கைகளைப் பார்த்தான். "யார் அனுப்பிச்சாங்க உங்களை?"

"யாரும் அனுப்பல."

"கம்பெனில உங்களுக்கு ஏதாச்சும் பிரச்னையா? எங்கிட்ட ஏதாச்சும் கையெழுத்து வேணுமா?"

"வேணாம். நான்தான் கையெழுத்துப் போட்டுத் தர்றேன். முறையிட இன்னும் மூணு வாரம் இருக்கு. என் எழுத்தை வச்சு நீங்க போடலாம்."

"பதினொரு மாசம் இல்லாம இன்னைக்கு எதுக்கு சார்?"

செயினைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தான். சொன்னால் கதை கட்டுகிற மாதிரி இருக்கும் என்று தெரிந்தது. பஷீரின் இடத்தில் தான் இருந்தால் நம்பமாட்டான். "பயந்துட்டு இருந்தேன்" என்றான்.

பஷீர் மண்டிப் பக்கம் திரும்பினான். மண்டிக்காரரைக் கூப்பிட்டு, "பாய், இவர் எழுதறதை நீங்க கூட இருந்து பாருங்க. பின்னாடி நான் மிரட்டி வாங்கினேன்னு வரக்கூடாது" என்றான். மண்டிக்காரர் ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் கொடுத்தார். ராயப்பன் வெங்காய மூட்டைமேல் தாளை வைத்து எழுதினான். பெயர், லைசென்ஸ் எண், தேதி எல்லாம் நினைவில் இருந்தன, வண்டி எண் உட்பட. பஷீர் தாளை வாங்கி வெயிலில் பிடித்து, உதடு அசைய ஒவ்வொரு வரியாகப் படித்தான். ஓரிடத்தில் நின்றான்.

"'சேதம் புதியதாக இருந்திருக்கக்கூடும்'னு எழுதியிருக்கீங்க."

"ஆமா."

"அதென்ன கூடும்?"

ராயப்பன் அந்த வார்த்தையைப் பார்த்தான். அது தன் கையெழுத்தில்தான் இருந்தது. எழுதியபோது தெரியவே இல்லை. பேனாவை வாங்கி அடித்து, மேலே 'சேதம் புதியது' என்று எழுதி, பக்கத்தில் சுருக்கக் கையெழுத்துப் போட்டான். பஷீர் மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பித்தான். முடித்து, நாலாக மடித்து, சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டான். பிறகு செல்போனை எடுத்தான்.

"உங்க நம்பர் அதேதானா?"

"அதேதான்."

"நாளைக்குக் கூப்பிட்டா எடுப்பீங்களா?"

"எடுப்பேன்."

பஷீர் அவனைப் பார்த்துக்கொண்டே நம்பரை அழுத்தினான். ராயப்பனின் சட்டைப் பையில் மணி அடித்தது. நம்புகிறேன் என்று பஷீர் தலையசைப்பான் என்று ராயப்பன் காத்திருந்தான், அசைக்கவில்லை. ராயப்பன் தன் போனை எடுத்து, திரையைத் திருப்பி, அவனுக்குத் தெரியும்படி காட்டினான். பஷீர் குனிந்து அதில் தன் நம்பர்தானா என்று எண் எண்ணாகப் பார்த்தான். பார்த்து முடிக்கும்வரை ராயப்பன் அதை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான்.